ஏலகிரிக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்கு வந்த ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். குளிர்கிற ஊர் ஒன்றில் ஒரு சனி, ஞாயிறு, நானும் அவரும் மட்டும், எந்தக் காரியமும் இல்லாமல் இருந்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது மடல் சுடுகிறது.

காரியம் இல்லாமல் என்பதுதான் இதில் முக்கியம். கடலூர் முதுநகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நான் வெளியூரே போகாதவள் இல்லை. சாவுக்குப் போயிருக்கிறேன். கல்யாணத்துக்கு, சொந்தக்காரப் பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்குக்கு, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு, வருஷம் தவறாமல் வேளாங்கண்ணிக்கு. போன இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு வேலை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அழ வேண்டும், இல்லையென்றால் பந்தி பரிமாற வேண்டும், இல்லையென்றால் முட்டி போட வேண்டும். சும்மா போனேன், சும்மா இருந்தேன், திரும்பி வந்தேன் என்று ஒரு ஊர் எனக்குக் கிடையாது.

அவருக்கும் கிடையாது. கரண்ட் ஆபீஸில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிற நாளில்தான் எங்கள் கடற்கரையில் புயல் அடிக்கும். அவர் ஏதாவது ஒரு கம்பத்தின் மேல் இருப்பார். எங்கள் கல்யாண நாள் கார்த்திகையில் வருகிறது. புயல் மாதம். ஒரு வருஷமாவது அன்றைக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. போன வருஷம் ஓய்வு பெற்று வந்த பிறகுதான் மனிதர் வீட்டில் இருந்தால் எப்படி இருப்பார் என்றே எனக்குத் தெரிந்தது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அங்கே ஒரு சின்ன வயசு டீச்சர், புருஷனோடு ஏலகிரி மலைக்குப் போய்விட்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"தண்டம்க்கா. ஊட்டி, கொடைக்கானல் மாதிரின்னு நெனச்சிக்கினு போவாதீங்க. ஒரு ஏரி, நாலு மரம், கிராமம்தான். பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. சாயங்காலம் ஆனா போர்வையப் போத்திக்கினு ரூம்லயே ஒக்காந்துக்கினு இருக்க வேண்டியதுதான்."

அவள் குறை சொன்னாள். எனக்கோ பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பார்க்க ஒன்றுமே இல்லாத ஊர்! போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய ஊர்! அன்றைக்குச் சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யார் யாரு?" என்றார், நிமிராமல்.

"நாம ரெண்டு பேருதான்."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். எழுந்து போய்த் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். "மெதுவா பேசு" என்றார்.

எங்கள் பயணத் திட்டம் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் ஆரம்பித்தது. ஏதோ ஆளைக் கடத்தப் போகிற மாதிரி.

எதற்கு இவ்வளவு வெட்கம் என்று கேட்பீர்கள். எங்கள் மகள் சிதம்பரத்தில் வாழ்கிறாள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. மகள் வயிற்றில் ஒன்று தங்கும்வரை தாய்க்காரி எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். சத்தமாகச் சிரிக்கக்கூடாது. பளிச்சென்று சேலை கட்டக்கூடாது. வளைகாப்புக்குக் கூப்பிட்டால் போய்விட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் திரும்பிவிட வேண்டும். இதில் புருஷனோடு மலைக்குப் போகிறேன் என்று சொன்னால்? 'பொண்ணு அங்க மருந்து முழுங்கிக்கினு கெடக்குது, இவளுக்கு இந்த வயசுல தேனிலவு கேக்குது.' யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே என் காதில் விழுந்தது. ஏன் விழாது? மற்றவளைப் பற்றி இதே மாதிரிப் பேசியவள்தானே நானும். என் வாய் அப்படி.

ஆனாலும் ஆசை போகவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது குளிர்கிற மாதிரியே இருக்கும். கையைத் துடைத்துவிட்டுப் புறங்கையைத் தொட்டுப் பார்ப்பேன். அவரும் வாய் திறக்கவில்லையே தவிர, மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் போனை வைத்துக்கொண்டு பஸ் விசாரிக்க ஆரம்பித்தார். கடலூரிலிருந்து திருவண்ணாமலை, அங்கிருந்து திருப்பத்தூர், அங்கிருந்து மலைக்குப் போகிற பஸ். வழியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஈரத் துணியோடு கீழே இறங்கி வந்தார். ஒரு துணியும் காயவில்லை.

ரூம் போட்டதுதான் கூத்து. மலையில் ஒரு சின்ன லாட்ஜுக்கு மாடியிலிருந்து போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஸ்பீக்கரைப் போட்டுத் தொலைத்திருந்தார்.

"எத்தன பேரு சார்?"

"நானும் வூட்லயும்."

"கப்பிளா சார்! சூப்பர் சார். கட்டில்ல பூவு அலங்காரம் பண்ணித் தரோம் சார். ஹார்ட் மாதிரி. பண்ணிடலாமா?"

கம்பத்தில் ஏறி எத்தனையோ ஷாக் வாங்கியவர், அன்றைக்குத்தான் உண்மையில் ஷாக் அடித்த மாதிரி போனைத் தூர நீட்டிப் பிடித்தார். பக்கத்து மாடியில் வற்றல் காய வைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "ராங் நம்பருங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கீழே ஓடிவந்துவிட்டார். அப்புறம் கக்கூஸுக்குள் போய் நின்றுகொண்டு ரூம் போட்டார். பூ வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார். சொன்ன முகத்தில் ஒரு சின்ன வருத்தம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. கேட்க வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

அடுத்தது ஸ்வெட்டர். கடலூரில் ஸ்வெட்டர் வாங்குகிறவளைப் பார்த்தால் காய்ச்சலா என்றுதான் கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாய் கடையில் போய், "எங்க சொந்தக்காரங்க டில்லிக்குப் போறாங்க" என்று பாய் கேட்காமலே ஒரு பொய் சொன்னேன். அங்கேயே சக்கரம் வைத்த பை ஒன்றும் வாங்கினேன். ஸ்வெட்டரைப் பையின் அடியில் போட்டு மூடி, தெருவில் கடகடவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சத்தம்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

எதிர் வீட்டக்கா எங்கள் அன்பியத்துக்குத் தலைவி. தெருவில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களெல்லாம் சேர்ந்து வாராவாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்கிறோமே, அந்தக் குழு. நல்ல மனுஷி. கையில் துடைப்பத்தோடு நின்றவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பை புதுசா? எங்க, வேளாங்கண்ணிக்கா?"

நான் முழித்தேன்.

அவள் குரல் இறங்கியது. கண்ணில் சட்டென்று ஈரம். "பொண்ணுக்காகவா?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு 'ம்'. நான் பொய் சொல்லவில்லை, அவளாகக் கேட்டாள், நான் முனகினேன் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் வந்து அவரிடம் சொன்னபோது, "நல்லதாப் போச்சு, இனிமே யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்று அவரும் சந்தோஷப்பட்டார். இரண்டு பேருக்கும் புத்தி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறோம். வேளாங்கண்ணிக்கு ஒருத்தர் போனால் தெருவே கூடப் போகிற மாதிரி என்பது எங்களுக்குத் தெரியாதா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து நான் மீன் கழுவ உட்கார்ந்ததும் வாசலில் ஆள் வர ஆரம்பித்தது.

"எம் பேர்ல ஒண்ணு ஏத்திடு" என்று ஒரு கட்டு மெழுகுவத்தி. "எங்க வூட்டுக்காரருக்குக் கண் ஆபரேசன், மாதா காலடியில வெச்சிடுக்கா" என்று வெள்ளியில் சின்னதாக ஒரு ஜோடிக் கண். மந்திரித்த எண்ணெய் வாங்கி வரச் சொல்லி மூன்று காலி பாட்டில். இரண்டு வீடு தள்ளி இருக்கிற முதலியார் வீட்டம்மாள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "எங்களுக்கும் ஒரு வத்தி ஏத்தும்மா, எல்லாம் ஒரே தாய்தான்" என்றாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என் தம்பி பைக்கில் வந்து இறங்கினான். பைக்கின் பின்னால் ஒரு தென்னங்கன்று கட்டியிருந்தது.

"இன்னாடா இது?"

"வேண்டுதல்க்கா. போன தடவ போறப்பவே குடுக்கணும்னு இருந்தேன். மச்சான் இருக்காரில்ல, தூக்கிக்குவாரு."

மச்சான் கதவுக்குப் பின்னால் நின்று தென்னங்கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் கொண்டைஊசி வளைவில் பஸ் திரும்பும்போது மடியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்திருப்பார் போல. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். எங்களுக்குத் தென்னையே கிளம்பியது.

வந்தவர்கள் எல்லாரும் கிளம்பும்போது என் கையைப் பிடித்து ஒரே மாதிரி ஒன்று சொன்னார்கள். "கவலப்படாத. இந்தத் தடவ மாதா கண் தொறப்பா. ஒம் பொண்ணுக்காக நாங்களும் வேண்டிக்கிறோம்." நான் தலையைக் குனிந்துகொண்டே நின்றேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். உள்ளே வந்து மீன் ஆய்கிற அருவாமணையின் முன்னால் உட்கார்ந்து, நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும் என்று நினைத்தேன்.

"போவ வேணாம்" என்றேன் அவரிடம். "ரூம வேணாம்னு சொல்லிடுங்க."

அவர் தென்னங்கன்றைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அப்புறம், "மலையிலேந்து வந்த அடுத்த வாரமே நான் ஒரு நட வேளாங்கண்ணிக்குப் போய் எல்லாத்தையும் சேத்துடறேன். கன்னையும் சேத்துத்தான். மாதா ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டா, ஒரு வாரம் லேட்டு" என்றார். தலையைச் சொறிந்துகொண்டார். "எனக்கும் போவணும்னு இருக்குதும்மா."

அந்த மனிதர் தனக்கு வேண்டும் என்று வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் எப்படி வேண்டாம் என்பேன்?

வியாழக்கிழமை சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. யார் மூலமாகவோ சேதி சிதம்பரம் போய்விட்டிருக்கிறது. எடுத்ததும் அழுகை. "நானா எப்படி சம்பந்தி உங்ககிட்ட சொல்றதுன்னு இருந்தேன். நீங்களே கெளம்பிட்டீங்க. தொட்டில் வாங்கி வெச்சிருக்கேன். தாய் வூட்டுக்காரங்க எடுத்துக்கினு போயி கட்டுனாத்தான் பலன். வந்து வாங்கிக்கினு போங்க."

பள்ளிக்கூடத்தில் அரை நாள் சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். மகளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். சம்பந்தி வீட்டில் மாதா படத்தின் கீழே அந்தத் தொட்டில் இருந்தது. உள்ளங்கை அகலம், மரத்தில் செய்து மஞ்சள் பூசியது. அதற்குள் ஒரு முழம் மல்லிகையை வைத்திருந்தாள் அந்த அம்மாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எம் மருமவள நான் ஒரு வார்த்த கொறச்சலா சொன்னதில்ல சம்பந்தி. கேட்டுப் பாருங்க. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. நீங்க அங்க இருக்கற ரெண்டு நாளும் நான் இங்க பச்சத் தண்ணி பல்லுல படாம ஒரு சந்தி இருக்கப் போறேன்."

அவளுக்குச் சர்க்கரை வியாதி ஜாஸ்தி. இரண்டு வேளை ஊசி. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். "அதெல்லாம் வேணாங்க, ஒடம்பு கெட்டுடும்" என்று சொன்னேன். "எம் பேரனுக்காக இதுகூட செய்ய மாட்டேனா?" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். மகள் அடுப்படியில் எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். டம்ளரை வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவள்தான் ஸ்கூட்டியில் என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டாள். தொட்டில் இருந்த கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். கடலூர் பஸ் ஆள் நிரம்பாமல் நின்றது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"நீயுமாம்மா?"

"இன்னாடி?"

"போற எடமெல்லாம் எனக்கு வேண்டிக்கிறாங்க. பூசைக்குப் போனா ஃபாதர் தனியா கூப்புட்டுத் தலையில கை வெச்சு ஜெபிக்கிறாரு. மெடிக்கல் கடையில ஒரு அக்கா, 'ஒனக்காக நடராஜருக்கு அர்ச்சன பண்ணேன்'ங்குது. என் பேரு கூடத் தெரியாதும்மா அந்த அக்காவுக்கு. எவ என் மூஞ்சியப் பாத்துப் பேசறா? எல்லாரும் வயித்தப் பாத்துத்தான் பேசறாங்க. நம்ம வூடு ஒண்ணுலதான் ஒருத்தரும் கேக்கல. நீ கேக்கல, அப்பா கேக்கல. லீவு வுட்டா ஓடி ஓடி வரேனே, எதுக்குன்னு நெனச்ச? ஓங்கொழம்புக்கா? இப்ப நீயும் தொட்டிலத் தூக்கிக்கினு கெளம்பிட்ட."

நாங்கள் கேட்காமல் இருந்தது பெருந்தன்மையால் இல்லை. கேட்க எனக்குக் கூச்சம், அவருக்குப் பயம். அதைப் போய் இந்தப் பெண் நிழல் என்று நம்பி ஒதுங்கியிருக்கிறாள்.

"வேளாங்கண்ணிக்குப் போவலடி" என்றேன்.

"பின்ன?"

"ஏலகிரி."

"அங்க என்னா கோயிலு?"

"கோயில்லாம் இல்ல. சும்மா."

"சும்மான்னா?"

"சும்மாதான்டி. நானும் ஒங்கப்பாவும். குளுரும்னு சொன்னாங்க."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பை, எதிர் வீட்டக்கா, 'ம்', மெழுகுவத்தி, எல்லாம். "எனக்காகப் போறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுடி. அதான் ஒனக்காகவான்னு கேட்டப்ப 'ம்'னுட்டேன்."

"எனக்குக் கொழந்த இல்லங்கறத சொல்லிக்கினு நீ டூர் போற" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். எனக்கு அது சுலபம். அவள் ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்வது போல மெதுவாகச் சொன்னாள். "ஆமாண்டி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்டக்டர் "கடலூர், கடலூர்" என்று என் தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்தார்.

அவள் கைக்குட்டையை எடுத்து நீட்டிக்கொண்டே கேட்டாள். "மாமா நெசமாவே தென்னங்கன்னு எடுத்தாந்துச்சா?"

"பைக்குல கட்டிக்கினு வந்தான்."

சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, வண்டி சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"சத்தியமா எனக்காகப் போவல இல்ல?"

"சத்தியமா இல்ல. எனக்காகத்தான்டி போறேன்."

அந்த வார்த்தையைச் சொல்லக் கூசித்தான் ஜன்னலைச் சாத்தினோம், டில்லிக்குச் சொந்தக்காரர்களை அனுப்பினேன். கடைசியில் ஜனங்கள் வந்துபோகிற பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னேன். அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

"அப்பாடா. அப்பப் போயிட்டு வா. அத்தைக்கு நான் சோறு போட்டுக்கறேன். அவுங்களப் பட்டினி கெடக்க உட மாட்டேன், நீ அதப் பத்திக் கவலப்படாத. தொட்டில எங்கயும் கட்டாத. அப்பறம் ஒண்ணும்மா." ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். "அங்க போயி எனக்காக எதுவும் வேண்டிக்காத. ரெண்டே நாளு. ரெண்டு நாளு நீயாவது என்னைய சும்மா உடு."

"சரிடி" என்றேன். "வேண்டிக்க மாட்டேன்."

சனிக்கிழமை விடியற்காலை, யாரும் பார்க்காமல் கிளம்பலாம் என்று கதவைத் திறந்தால் வாசலில் அன்பியமே நின்றது. எதிர் வீட்டக்கா எங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் சிலுவை போட்டாள். தென்னங்கன்றை மறந்துவிட்டோம் என்று ஒருத்தி ஓடிப்போய்த் தூக்கிவந்து அவர் கையில் கொடுத்தாள். பஸ் நிறுத்தம்வரை வந்து, சிதம்பரம் வழியாகத் தெற்கே போகிற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, ஏற்றிவிட்டுத்தான் விட்டார்கள். எங்களுக்குப் போக வேண்டியது மேற்கே.

பஸ் ஊரைத் தாண்டும்வரை இரண்டு பேரும் கையசைத்தோம். ஆலப்பாக்கத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, கடலூர் பஸ்ஸைப் பிடித்து வந்த வழியே திரும்பினோம். முதுநகர் வந்ததும் நான் முக்காடு போட்டுக்கொண்டு குனிந்தேன். அவர் தென்னங்கன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "கரண்டு திருடறவனப் புடிக்கப் போயிருக்கேன், இப்படி ஒளிஞ்சதில்ல" என்று கீற்றுக்குள்ளிருந்து சொன்னார். கன்றைத் திருப்பாதிரிப்புலியூரில் அவருக்குத் தெரிந்த டீக்கடையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத் திருவண்ணாமலை பஸ் ஏறினோம்.

ஏலகிரியில் குளிர்ந்தது. டீச்சர் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு ஏரி, கொஞ்சம் மரம், பலாப்பழம் விற்கிறவர்கள், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ரூமில் பூ இல்லை. ஆனால் கட்டிலில் வெள்ளைத் துண்டை மடித்து இரண்டு பறவையாகச் செய்து மூக்கோடு மூக்கு வைத்திருந்தார்கள். "வாத்தா?" என்று கேட்டார். "அன்னமா இருக்கும்" என்றேன். துண்டு தேவைப்பட்டும் அவர் அதைப் பிரிக்கவில்லை; தன் வேட்டியால் தலையைத் துவட்டிக்கொண்டார். அவர் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் என் கையைப் பிடித்து நடந்தார். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்வதற்கு என்ன? அத்தனை பொய்க்கும் மேலே நின்றுகொண்டு, வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தேன்.

சாயங்காலம் போர்வையைப் போர்த்திக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வழக்கம்போல ஜெபமாலை எடுத்தோம். ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முதல் பாதியை நான் சொல்வேன், அவர் மறுபாதியைச் சொல்லுவார். மாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து வரிசை; எது யாருக்கென்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. முதல் பத்து மணி இறந்துபோனவர்களுக்கு, இரண்டாவது புயலில் வேலை செய்கிறவர்களுக்கு, அப்படியே போகும். ஐந்தாவது பத்து மணி மூன்று வருஷமாக மகளுக்கு. அவள் வயிற்றுக்கு. இது அவளுக்குத் தெரியாது.

நான்கு முடிந்தது. நிறுத்தினேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வெளியே மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது. வேறு யாருக்காகவாவது சொல்லிவிடலாம் என்று ஆளைத் தேடினேன். ஒருத்தரும் மனதில் வரவில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தேன். அவளுக்குத்தான் சொல்கிறேன் என்பது முதல் மணியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அவர் பத்துக்கும் பதில் சொன்னார், ஒன்றுகூட விடாமல்.

ஜெபமாலையை முத்தமிட்டுக் கீழே வைக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. மகள்தான்.

"குளுருதாம்மா?"

"நல்லா குளுருதுடி. அப்பா குல்லா போட்டுக்கினு இருக்காரு."

அவள் சிரித்தாள். "அத்த சாப்ட்டாங்க. என்னா செஞ்சிக்கினு இருக்கீங்க?"

"சும்மாதான் ஒக்காந்திருக்கோம்."

"எனக்காக ஒண்ணும் வேண்டிக்கலயே?"

"இல்லடி" என்றேன். "ஒண்ணுமே வேண்டிக்கல."